மரக் கிளாரினெட்டுக்கு நல்லெண்ணெய் ஊற்றலாமா?

கேட்கப்பட்டது இதுதான். கேட்பவருக்குப் பாலக்கோட்டில் வீடு, ஓசூரில் வேலை. கல்யாணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசித்துக்கொண்டிருந்த தாய்மாமா, வயதாகிவிட்டதால் தன் மரக் கிளாரினெட்டை மருமகனான இவரிடம் கொடுத்துவிட்டார். ஒரு வருடத்துக்கு மேல் அது பெட்டியிலேயே கிடந்தது. இப்போது எடுத்துப் பார்த்தால் மேல் துண்டில் மயிரிழை போல ஒரு கோடு. பாரலின் (வாயில் வைக்கும் மவுத்பீஸுக்கும் மேல் துண்டுக்கும் நடுவிலுள்ள சிறு குழல்) வெள்ளி வளையம் கழன்று சுற்றுகிறது. தெரிந்த நாகஸ்வரக்காரர் ஒருவர், "வாரம் ஒருமுறை நல்லெண்ணெய் ஊற்றி ஊறவை, கோடு தானாக அடைபட்டுவிடும்" என்று சொல்லியிருக்கிறார். தை மாதம் ஒரு கல்யாணத்துக்கு வாசிப்பதாக ஒப்புக்கொண்டாகிவிட்டது. எண்ணெய் ஊற்றலாமா, தைக்குள் வாத்தியம் தயாராகுமா?

தம்பி, முதலில் எண்ணெய்ப் பாட்டிலை மூடி அலமாரியில் வையுங்கள். அந்தக் கோடு மரத்தின் ரேகையா, விரிசலா என்று தெரிவதற்கு முன்னால் அதில் எண்ணெய் படக் கூடாது. விரிசலாக இருந்து அதற்குள் எண்ணெய் இறங்கிவிட்டால், பிறகு எந்தக் கைதேர்ந்த ஆள் பசை வைத்தாலும் மரத்தைப் பிடிக்காது. விரிசலை எண்ணெய் மூடாது. சில நாள் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும், அவ்வளவுதான்.

நாகஸ்வரக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் வாத்தியத்துக்கு அது பொருந்தும், உங்களுடையதற்குப் பொருந்தாது. நாகஸ்வரம் ஆச்சா மரத்தில் செய்வது. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி காடுகளிலும் ஆச்சா உண்டு. ஆனால் 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கன்பேட்டை நாகஸ்வரத்துக்குப் பச்சை மரத்தை வெட்டிச் செதுக்குவதில்லை. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூண், உத்தரம் இவற்றைத் தேடிப் போய் வாங்குகிறார்கள். பல தலைமுறை வெயிலையும் மழையையும் பார்த்து அடங்கிப்போன மரம் அது. மேலும் நாகஸ்வரத்தின் உலவில், அதாவது மரக்குழலில், கீ (துளையைத் திறந்து மூடும் உலோக நெம்பு) கிடையாது, பேட் (கீயின் அடியில் துளையை அடைக்கும் சிறு மெத்தை) கிடையாது, ஸ்பிரிங் கிடையாது, கார்க் கிடையாது. எண்ணெய் எங்கே வழிந்தாலும் கெடுவதற்கு ஒன்றுமில்லை. கிளாரினெட்டில் அது வழிந்து போகும் இடமெல்லாம் ஏதாவது ஒன்று கெடும். பேட் எண்ணெயைக் குடித்து இறுகும், கார்க் ஊறி உதிரும், கீயின் அடியில் தூசியோடு சேர்ந்து பிசினாகும். நல்லெண்ணெய் பாதி உலரும் தன்மை உள்ளது. நாளடைவில் உள்சுவரில் ஒட்டும் படலமாகத் தங்கிவிடும், வாடையும் வரும். தேங்காய் எண்ணெய் என்றால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும். ஓசூரில் மார்கழி காலையில் உங்கள் கிளாரினெட்டுக்குள் அது வெள்ளைக் கட்டியாக நிற்கும்.

கிளாரினெட் மரம் ஏன் வெடிக்கிறது என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். உங்கள் வாத்தியம் உண்மையான மரமாக இருந்தால், பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கருமரம். தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் விளைவது, அங்கே ம்பிங்கோ என்பார்கள், வாத்தியக் கடைகளில் கிரனடில்லா. நம் ஊர் ஈட்டி மரத்தின் சொந்தக்காரன். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது. இவ்வளவு கெட்டியான மரத்துக்கு என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஆனால் ஊதுகிறவரின் மூச்சு உடம்புச் சூட்டோடும் ஈரத்தோடும் உள்ளே போகிறது. சுமார் 15 மில்லிமீட்டர் அகலமுள்ள உள்துளையின் சுவர் அந்த ஈரத்தை வாங்கி உப்பத் தொடங்கும். வெளிச்சுவர் மண்டபத்தின் வறண்ட காற்றில் அப்படியே இருக்கும். ஐப்பசி மழையில் உப்பி, சித்திரையில் சுருங்கிக் காற்று புகுகிற பழைய மரக்கதவைப் பார்த்திருப்பீர்கள். கிளாரினெட்டில் உப்புவதும் சுருங்கியிருப்பதும் ஒரே நேரத்தில், ஒரே குழலில், சில மில்லிமீட்டர் இடைவெளியில் நடக்கிறது. உள்ளே இருப்பது விரியப் பார்க்கிறது, வெளியே இருப்பது இடம் கொடுக்க மறுக்கிறது. அந்த இழுபறி அளவு மீறினால் மரம் நாரின் போக்கிலேயே பிளக்கும். வாய்க்கு அருகில் இருப்பதாலும், சூடும் ஈரமும் முதலில் தாக்குவதாலும், துளைகள் நெருக்கமாக இருப்பதாலும் பெரும்பாலும் பிளப்பது மேல் துண்டுதான்.

ஆகவே வாத்தியத்தைக் கொல்வது வறட்சி மட்டும் அல்ல, ஈரம் மட்டும் அல்ல. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அவசரமாகத் தாவுவதுதான். கிளாரினெட் பராமரிப்பு என்று நாம் செய்வதெல்லாம் அந்தத் தாவலைத் தடுக்கத்தான். அதற்கு எண்ணெயைவிடத் துணி அதிகம் உதவும்.

இதில் நம் பக்கத்துப் பருவம் ஒரு தனிச் சிக்கல். தர்மபுரி, பாலக்கோடு, அரூர் பக்கம் மாசியிலிருந்து வைகாசி வரை காற்று எலும்பு வரை வறண்டிருக்கும். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தையில் விடியற்காலை குளிர் நடுக்கும், பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். நீங்கள் வாரக் கடைசியில் ராயக்கோட்டை வழியாக இறங்கி ஏறும்போது வாத்தியமும் கூடவே இரண்டு பருவத்துக்கும் போய் வருகிறது. அதனால் சேதம் வராது, பெட்டியைத் திறக்காமல் இருந்தால். ஊர் போய்ச் சேர்ந்ததும் உடனே எடுத்து ஊதாமல், மூடிய பெட்டியை அறையில் ஒரு மணி நேரமாவது விட்டுவிடுங்கள்.

பருவத்தைவிடப் பெரிய ஆபத்து நம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. இதைக் கிளாரினெட் பராமரிப்பு பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதியவற்றில் பார்க்க முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. வாசிப்பவர்களில் பாதிப் பேர் அந்த மாதங்களில் வாத்தியத்தைத் தொடுவதே இல்லை. மரம் மெல்ல மெல்ல ஈரத்தை இழந்து அடங்கிவிடும். பிறகு தை பிறக்கும். முதல் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலை பெண் அழைப்பு, இரவு வரவேற்பு, விடியற்காலை நாலரை மணிக்கு மறுபடி மேடை. ஒரு மாதமாக ஒரு சொட்டு ஈரம் பார்க்காத மரத்துக்குள் ஒரே இரவில் நாலு மணி நேரம் மூச்சைச் செலுத்துகிறோம், அதுவும் வருடத்திலேயே காற்று குளிர்ந்து வறண்டிருக்கும் நாட்களில். என்னிடம் விரிசலோடு வரும் வாத்தியங்களில் பெரும்பகுதி தையிலும் ஆவணியிலும் வருபவைதான். உங்கள் வாத்தியம் ஒரு வருடம் சும்மா கிடந்தது. தையில் நேராக மேடை ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கிடப்பில் இருந்த வாத்தியத்தைப் புது வாத்தியம் போலவே பழக்க வேண்டும். முதல் வாரம் நாளுக்கு 10 நிமிடம், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. அடுத்த வாரம் 15, 20 நிமிடம். பிறகு அரை மணி. ஒரு மாதம் ஆன பின்தான் மணிக்கணக்கில் வாசிக்கலாம். பத்து நிமிடத்தில் என்ன வாசிப்பது என்று கேட்பீர்கள். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை இரண்டு காலம் வாசிக்கச் சரியாக இருக்கும். ஆனால் இதெல்லாம் கோடு விரிசல் இல்லை என்று உறுதியான பிறகு.

கோட்டைப் பார்ப்போம். பகல் வெளிச்சத்தில் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் குழலுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடி வையுங்கள். மரத்தின் ரேகை ஒன்றாக இருக்காது. பக்கத்தில் அதே போல நாலைந்து ஓடும், நிறத்தில் சற்று வேறுபடும், நகத்தைக் குறுக்கே இழுத்தால் எங்கும் தடுக்காது. விரிசல் தனியாக ஓடும், கூர்மையான கறுப்பாக இருக்கும், நகத்துக்குத் தட்டும். எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம் துளையின் விளிம்பு. கோடு ஒரு விரல்துளையையோ, கீயைத் தாங்கும் தூணின் அடியையோ சந்திக்கிறதா என்று பாருங்கள். சந்தித்தால், துளைக்குள் டார்ச் அடித்து அதன் உட்சுவரிலும் அந்தக் கோடு இறங்குகிறதா என்று பாருங்கள். உள்ளே இறங்கினால் சந்தேகமே இல்லை, விரிசல்.

அடுத்து ஒரு சோதனை. மேல் துண்டைத் தனியாக எடுங்கள். விரல்துளைகளை எல்லாம் விரலால் மூடி, அடிப்பக்கத்தை மற்றொரு கையின் உள்ளங்கையால் அடைத்து, மேல்முனையில் வாய் வைத்து மெதுவாகக் காற்றை உறிஞ்சுங்கள். பிறகு வாயை எடுத்தால் 'பட்' என்று ஒரு சின்னச் சத்தம் வர வேண்டும். வந்தால் காற்று நின்றிருக்கிறது. உறிஞ்ச உறிஞ்சக் காற்று வந்துகொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. விரிசலாகவும் இருக்கலாம், பழைய பேட்டாகவும் இருக்கலாம். உங்கள் மாமாவின் வாத்தியம் ஒரு வருடம் கிடந்ததால் பேட்களில் இரண்டு மூன்றாவது போயிருக்கும், அதனால் இந்தச் சோதனை ஒன்றை மட்டும் வைத்து மரத்தின் மேல் பழி போட்டுவிடாதீர்கள்.

விரிசல் என்றால் ஊதுவதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். கடையில் விற்கும் உடனடிப் பசையை ஊற்றுகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். தேர்ந்தவர்களும் அதே வகைப் பசையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கீக்களைக் கழற்றி, விரிசலைச் சுத்தம் செய்து, கருமரத் தூளோடு கலந்து அடைத்து, தேய்த்துச் சமன்படுத்துகிறார்கள். நாம் ஊற்றினால் அது தண்ணீராக ஓடி ஸ்பிரிங்கையும் தூணையும் சேர்த்து ஒட்டிவிடும். விரிசல் ஆழமாக இருந்தால் குறுக்கே துளையிட்டு உலோக ஊசி இறக்குவார்கள், அல்லது குழலைச் சுற்றிக் கார்பன் நார்ப் பட்டை இறுக்குவார்கள். நன்றாகச் செய்தால் அதற்குப் பிறகும் பல வருடம் பாடும். விரிசல் விட்ட கிளாரினெட் செத்த கிளாரினெட் இல்லை. மேடையில் நீங்கள் கேட்டு ரசித்தவற்றில் எத்தனை ஊசி போட்டவை என்று வாசித்தவர்களுக்குத்தான் தெரியும்.

வளையம் சுற்றுவது இன்னொரு செய்தி. உலோகம் விரியவில்லை, மரம் சுருங்கியிருக்கிறது. வாத்தியம் அதிகமாக வறண்டுவிட்டது என்று அது வாய்விட்டுச் சொல்கிறது. வளையம் இறுக்கமாக இருந்தால்தான் பாரலின் குழிவாய் பிளக்காமல் நிற்கும். ஆகவே வளையம் சுற்றும் பாரலை மாட்டி ஊதாதீர்கள். ஒரு சிறு பிளாஸ்டிக் சோப்புப் பெட்டியை எடுத்து மேல்மூடியில் சில துளைகள் போடுங்கள். உள்ளே ஒரு ஸ்பான்ஜ் துண்டை நனைத்து, சொட்டாதபடி நன்றாகப் பிழிந்து வையுங்கள். அதைக் கிளாரினெட் பெட்டிக்குள் ஓரமாக, மரத்தில் படாமல் வைத்து மூடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மறுபடி நனையுங்கள். ஓரிரு வாரத்தில் வளையம் தானாகவே பிடித்துக்கொள்ளும். பிடிக்கவில்லை என்றால் வளையத்தின் அடியில் மெல்லிய காகிதத் துண்டு வைத்து இறுக்குவார்கள், அதைப் பழுதுபார்ப்பவரே செய்யட்டும். ஆரஞ்சுத் தோலைப் பெட்டிக்குள் போடும் பழக்கம் ஒன்று உண்டு. வாசனையாக இருக்கும், ஆனால் நாலே நாளில் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி இப்போது மலிவாகவே கிடைக்கிறது. பெட்டிக்குள் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஸ்பான்ஜை வெளியே எடுத்துவிடுங்கள்.

இனி துணி. தினசரிப் பராமரிப்பில் முக்கால்வாசி இதுதான், இதைச் சரியாகச் செய்கிறவர்கள் குறைவு. பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பருத்தி வேட்டியிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான சதுரம் வெட்டி, நூல் உதிராதபடி ஓரம் மடித்துத் தையுங்கள். ஒரு முனையில் உறுதியான கயிறு, கயிற்றின் நுனியில் துணி சுற்றிய சிறு எடை. வெறும் உலோக எடை உள்சுவரில் கீறும். வாசித்து முடித்ததும் முதலில் மவுத்பீஸைக் கழற்றி விடுங்கள், துணியை அதன் வழியாக இழுக்கக் கூடாது. பாரல், மேல் துண்டு, கீழ்த் துண்டு, பெல் (விரிந்த அடிவாய்) எல்லாவற்றையும் பிரித்துத் தனித்தனியாகத் துடையுங்கள்.

மேல் துண்டில் கவனம் வேண்டும். பின்பக்கம் கட்டைவிரல் தொடும் கீயின் அடியில், ஒரு சிறு உலோகக் குழாய் உள்துளைக்குள் துருத்திக்கொண்டிருக்கும். சுருண்ட துணி அதில் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான். எத்தனை பேர் பலமாக இழுத்து இறுக்கிவிட்டு, உள்ளே அடைத்த துணியோடு என் வாசலுக்கு வந்திருக்கிறார்கள். அகலமான அடிப்பக்கத்திலிருந்து கயிற்றை இறக்கி, துணியை முழுக்க விரித்து, முடிச்சு இல்லை என்று பார்த்துவிட்டு மெதுவாக இழுங்கள். தடுத்தால் முன்னே இழுக்காதீர்கள். துணியின் வால் பக்கத்தைப் பிடித்து வந்த வழியே திருப்பி எடுங்கள். அதற்காகவே துணியின் பின்முனையிலும் ஒரு கயிறு வைத்துத் தைத்துக்கொண்டால் நிம்மதி.

உள்துளையைத் துடைத்ததோடு பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். தண்ணீர் உண்மையில் தேங்குவது இணைப்புக் குழிகளில். பாரலின் அடிக்குழி, கீழ்த் துண்டின் மேல்குழி இவற்றை விரலில் துணி சுற்றித் துடைத்து, கார்க் சுற்றிய முனைகளின் வெட்டுப் பரப்பையும் ஒற்றி எடுங்கள். மரத்தின் நார் அங்கேதான் வாய் திறந்து நிற்கிறது, ஈரத்தை வேகமாகக் குடிப்பதும் அங்கேதான். கல்யாணத்தில் இடைவேளை கிடைக்கும்போதெல்லாம், அரை மணிக்கு ஒருமுறை என்றாலும், ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். ஈரத் துணியைச் சுருட்டிப் பெட்டிக்குள் திணிக்காதீர்கள், தோளில் போட்டு உலர்த்துங்கள்.

நம் மண்டபங்களுக்கே உரிய சில தொல்லைகள் உண்டு. மேடையில் ஏசியின் காற்று நேராக விழும் இடத்தில் உட்காராதீர்கள், பெடஸ்டல் ஃபேனையும் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட்டால் நஷ்டம் உங்களுக்கு. குளிர்ந்த காலையில் சூடான மூச்சை வேகமாக ஊதி வாத்தியத்தைச் சூடேற்றும் பழக்கம் தவறு. மேல் துண்டையும் பாரலையும் கழற்றிப் போர்வைக்குள் அல்லது அக்குளில் வைத்து, வெளியிலிருந்து வெதுவெதுப்பு ஏறட்டும். வெயிலில் நிறுத்திய காரில் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். சித்திரையில் சாமி ஊர்வலம், வெட்டவெளியில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் மர வாத்தியத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு பிளாஸ்டிக் கிளாரினெட்டை எடுத்துப் போவதுதான் புத்திசாலித்தனம். நாதம் சற்று மெலிந்திருக்கும். ஆனால் பம்பையும் தவிலும் முழங்கும் தெருவில் அந்த நுட்பத்தை யார் கேட்கப் போகிறார்கள்?

வெற்றிலை போடுகிறவர் என்றால் வாசிக்கும் முன் வாயை நன்றாகக் கொப்பளியுங்கள். பந்தியில் லட்டும் பாயசமும் சாப்பிட்டுவிட்டு நேராக மேடை ஏறினாலும் அதே கதைதான். சர்க்கரை எச்சிலோடு போய்ப் பேட்டில் படிந்து, கீயைத் தூக்கும்போதெல்லாம் 'சப் சப்' என்று ஒட்டும். ஒட்டும் பேட்டுக்கு முகப்பவுடர் போடாதீர்கள், அது பேட்டின் தோலைத் தின்றுவிடும். ஒரு சிகரெட் தாளை பேட்டுக்கும் துளைக்கும் நடுவில் வைத்துக் கீயை மெதுவாக அழுத்தி, பிறகு கீயைத் தூக்கித் தாளை எடுங்கள், இழுத்து உருவாதீர்கள். துளையில் நீர் தேங்கிக் கொப்பளிக்கும் சத்தம் வந்தாலும் இதே தாள் வைத்தியம்தான்.

ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் பெட்டியின் மேல் இடுங்கள், மரத்தில் வேண்டாம். ஈரச் சந்தனம் மரத்தில் காய்ந்து கறை விடும், குங்குமம் ஸ்பிரிங் குழிகளில் இறங்கினால் எளிதில் வெளியே வராது. சாமி கோபித்துக்கொள்ளாது. பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பெட்டியின் வெல்வெட்டை மாதம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்தால் பூச்சி அண்டாது.

மவுத்பீஸ் எபோனைட்டில், அதாவது கெட்டி ரப்பரில், செய்தது. வெந்நீர் ஆகவே ஆகாது, வடிவம் கோணிப்போகும், பச்சையும் பழுப்புமாக நிறம் மாறிக் கந்தக வாடை அடிக்கும். சாதாரணத் தண்ணீரில் மென்மையான சோப்பு போட்டு விரலால் கழுவுங்கள். நம் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதில் கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளைப் படிவம் மேலும் கூடும். கடைசியாக ஒருமுறை குடிநீரில் அலசித் துணியால் ஒற்றிவிடுங்கள். முனையில் ஏற்கனவே படிவம் கட்டியிருந்தால் தண்ணீர் கலந்த வினிகரில் சில நிமிடம் முனையை மட்டும் நனைத்துப் பஞ்சால் துடைக்கலாம். கத்தியால் சுரண்டினால் மவுத்பீஸைத் தூக்கிப்போட வேண்டியதுதான். ரீட்டை (மவுத்பீஸில் கட்டும் மெல்லிய நாணல் தகடு) கழற்றி, ஈரத்தை ஒற்றி, தட்டையான ரீட் பெட்டியில் வையுங்கள். ஒரே ரீட்டைத் தினமும் அடிக்காமல் மூன்று நாலை மாற்றி மாற்றி வாசித்தால் எல்லாமே நீண்ட நாள் உழைக்கும்.

கார்க் இறுக்கமாக இருந்தால் கார்க் கிரீஸ் மட்டும், அதுவும் விரல்நுனியில் துளி. தளர்வாக இருந்தால் ஒரு சுற்று மெல்லிய நூல் சுற்றி அன்றைய கச்சேரியை ஒப்பேற்றலாம். ஆனால் அதையே நிரந்தரமாக்கி வருடக்கணக்கில் இறுக்கிச் சுற்றிக்கொண்டே போனால் மரமே இடுப்பு சிறுத்துப்போகும். மழைக்காலத்தில் இரண்டு துண்டுகளும் பிரியாமல் பிடித்துக்கொண்டால் முறுக்கிச் சண்டை போடாதீர்கள். சில மணி நேரம் உலர்ந்த அறையில் விட்டால் தானாக இளகும். கீயின் சுழலச்சுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி நுனியில் எடுத்த ஒரு துளி கீ எண்ணெய். பைக்கில் அடிக்கடி கொண்டுபோகிறவர் என்றால் திருகுகள் அதிர்வில் வெளியே நகர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

உங்கள் மாமாவின் வாத்தியம் ஆல்பர்ட் முறை என்ற பழைய கீ அமைப்பு கொண்டதாக இருந்தால் கீ குறைவாகவும் திறந்த துளை அதிகமாகவும் இருக்கும். கர்நாடக இசைக்காரர்களில் பலர் அதைத்தான் விரும்பினார்கள். துளையைப் பாதி மூடி, விரலை வழுக்கிக் கமகம் கொண்டுவர அதில் இடமுண்டு. 2008இல் சங்கீத கலாநிதி விருதும் 2022இல் பத்மஸ்ரீயும் பெற்ற ஏ.கே.சி. நடராஜன் வாசித்ததைக் கேட்டால், கீ வைத்த ஒரு மேற்கத்திய வாத்தியத்திலிருந்தா இந்தத் தோடி வருகிறது என்று வியப்பீர்கள். அந்தக் கமகத்துக்குத் துளையின் விளிம்பு வழவழப்பாக இருக்க வேண்டும். வியர்வையும் அழுக்கும் சேர்ந்து விளிம்பில் கறுப்பாகப் படியும். உலர்ந்த பஞ்சுக் குச்சியால் சுற்றித் துடையுங்கள். ஊசியோ ஆணியோ போட்டுக் குடையாதீர்கள், விளிம்பு ஒரு இழை தேய்ந்தாலும் சுருதி நகரும்.

எண்ணெயை அறவே கைவிடச் சொல்கிறேனா என்றால், இல்லை. இதில் தயாரிப்பாளர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது. என் அபிப்பிராயம் இது: பழைய வாத்தியத்தின் உள்துளை கண்ணாடி போல மின்னினால் எண்ணெய் தேவையில்லை. சாம்பல் பூத்து வறண்டு தெரிந்தால், வருடத்துக்கு ஓரிரு முறை, கிளாரினெட்டுக்கென்றே விற்கும் எண்ணெயோ கலப்படமில்லாத இனிப்புப் பாதாம் எண்ணெயோ சில சொட்டு. அதையும் குழலில் ஊற்றக் கூடாது. ஒரு தனித் துணியில் விட்டு, துணி முழுக்கப் பரவும்படி கசக்கி, உள்துளை வழியாக இழுக்க வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு பேட்டின் அடியிலும் சிறு பாலிதீன் துண்டு. ஒரு இரவு விட்டு, மறுநாள் உலர்ந்த துணியால் மிச்சத்தைத் துடைத்துவிட்ட பிறகே பாலிதீனை எடுக்க வேண்டும். வாசித்த அன்று, உள்ளே ஈரம் இருக்கும்போது, இதைச் செய்யவே கூடாது.

தை கல்யாணத்துக்கு வருவோம். கோடு ரேகைதான் என்று உறுதியானால், வளையம் பிடித்த நாளிலிருந்தே பத்து நிமிடக் கணக்கில் பழக்க ஆரம்பியுங்கள். மார்கழி முழுவதும் ஒரு நாளும் விடாமல் வாசித்தால் தைக்குத் தயாராகிவிடும். விரிசல் என்றால் தைக்கு அந்த வாத்தியத்தை மறந்துவிட்டு, யாரிடமாவது பிளாஸ்டிக் கிளாரினெட் ஒன்றை இரவல் வாங்குங்கள். ஓசூரிலிருந்து பெங்களூர் பக்கம்தானே, மரக் கிளாரினெட் விரிசலைக் கையாளத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். இதற்கு முன் ஊசி போட்டுச் சரிசெய்த வாத்தியம் ஒன்றைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். மேல் துண்டை மட்டும் கொண்டுபோகாமல் மவுத்பீஸ் உட்பட முழு வாத்தியத்தையும் எடுத்துச் செல்லுங்கள். வேலை முடிந்ததும் மாட்டி ஊதிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பஸ்ஸில் போவதானால் பெட்டியை இன்ஜின் பக்கத்திலோ மேல் ராக்கிலோ வைக்காதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.